செடி எதைப் படித்து வளைகிறது?

இலங்கை மலையகத்தின் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு செய்யும் வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த விதைக்கிழங்கில் பாதியை இருட்டு அறையில் சாக்கோடு விட்டுவிடுங்கள். மீதியை, நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வரும் தாழ்வாரத்தில் தட்டில் பரப்பி வையுங்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், இருட்டில் கிடந்த கிழங்கு வெளிறிய, மெலிந்த, நீண்ட முளைகளை விட்டிருக்கும். நடும்போது கை பட்டாலே அவை ஒடியும். தாழ்வாரத்துக் கிழங்கின் முளைகள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் தடித்து, பச்சையும் ஊதாவுமாக உறுதியாய் நிற்கும். இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. வித்தியாசம் வெளிச்சம் மட்டும்தான்.

செடிக்குக் கண்ணும் இல்லை, நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, அது என்ன நிறம், இரவு எவ்வளவு நீளம், மேல் எது, கீழ் எது, தன்னைத் தொட்டது எது என்று எல்லாவற்றையும் அது அறிகிறது. இந்த அறிதல் மூன்று கட்டமாக நடக்கும். ஓரிடத்திலுள்ள கலங்கள் உணரும். அங்கிருந்து ஒரு சேதி நகரும். அது போய்ச் சேர்ந்த இடத்துக் கலங்கள் கூடுதலாக நீளும், அல்லது நீளாமல் நின்றுவிடும். உணரும் இடமும் வளையும் இடமும் பெரும்பாலும் வேறுவேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

பயிர் கோணலாக நின்றாலும் ஒல்லியாக வளர்ந்தாலும் உடனே உரக்கடைக்குப் போவது நம் வழக்கம். பல வேளைகளில் அந்தச் செடிக்குப் பசி எதுவும் இருக்காது. நாம் வைத்த இடம் தந்த சேதியை அது சரியாகப் படித்து, அதற்கேற்றபடி வளர்ந்திருக்கும். மாற்ற வேண்டியது அந்தச் சேதியைத்தான்.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

சன்னலோரச் செடி வெளிப்பக்கம் சாய்வதை ஒளித்திருப்பம் என்கிறோம். சார்ள்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் இதைப் புல் நாற்றுகளில் ஆராய்ந்து 1880இல் வெளியிட்டார்கள். முளையின் நுனிக்கு ஒளி புகாத மூடி போட்டால் நாற்று வளையவில்லை. நுனியைத் திறந்து விட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தால் வளைந்தது. ஆனால் வளைவு விழுந்ததோ நுனிக்குக் கீழே. ஆக, நுனி எதையோ கீழே அனுப்புகிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

அந்தப் பொருளைப் பிடித்துக் காட்டியவர் நெதர்லாந்துக்காரரான பிரிட்ஸ் வென்ட். 1920களில் அவர் முளை நுனிகளை வெட்டி அகார் என்ற கடற்பாசிக் கூழ்க் கட்டிமேல் வைத்து, நுனியிலுள்ளது அகாருக்குள் இறங்க விட்டார். பிறகு அந்த அகார் துண்டை, நுனி வெட்டிய இன்னொரு முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். இருட்டிலேயே அந்த முளை மறுபக்கம் வளைந்தது. அகார் வைத்த பக்கம் அதிகம் நீண்டதால் வந்த வளைவு அது. அந்தப் பொருள்தான் ஒக்சின் என்ற ஓமோன். நுனியில் நீல ஒளியை வாங்கும் போட்டோட்ரோபின் என்ற புரதம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டால், ஒக்சின் நிழல் பக்கத்துக்கு ஒதுங்கி அங்கே கூடுகிறது. நிழல் பக்கக் கலங்கள் கூடுதலாக நீள, தண்டு வெளிச்சத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. வெளிச்சம் செடியை இழுக்கிறது என்று சொல்வதுண்டு. உண்மையில் வளைக்கும் வேலையைச் செய்வது நிழல் பக்கம்தான்.

பாடசாலைப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கச் சோளம் நல்லது. விதையை ஓரிரவு ஊறவைத்து, யோகட் கோப்பையில் 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றி, இருட்டில் வையுங்கள். முளை மண்ணுக்கு மேல் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வந்து, உள்ளிருந்து இலை கிழித்துக்கொண்டு வருமுன் சோதனையைத் தொடங்க வேண்டும். இலை வந்துவிட்டால் பலன் தெளிவாகத் தெரியாது. சில முளைகளுக்கு அலுமினியத் தாளால் சிறு மூடி, சிலவற்றுக்கு அதே அளவில் கண்ணாடித் தாள் மூடி, சிலவற்றுக்கு மூடியே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, துளையை வெளிச்சம் பார்த்துத் திருப்புங்கள். காலையில் வைத்தால் அன்று மாலைக்குள் வளைவு தொடங்கியிருக்கும். நுவரெலியாக் குளிரில் மறுநாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும். கண்ணாடித் தாள் மூடியை ஏன் கேட்கிறோம் என்றால், அலுமினிய மூடி போட்ட முளை வளையாததற்கு இருட்டுதான் காரணமா, மூடி நசுக்கியதுதான் காரணமா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. மூடி இறுக்கமாக இருந்து முளை கசங்கிவிட்டால் அந்தக் கோப்பையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சன்னலோரத்தில் மிளகாய், தக்காளி நாற்று வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தட்டைக் கால் வட்டம் திருப்பி விட்டாலே போதும், நேராக நிற்கும்.

பக்கத்தில் ஆள் இருக்கிறதா?

வெளிச்சத்தின் நிறத்தைச் செடி படிக்கும் விதம்தான், விவசாயம் செய்பவருக்கு மிகவும் பயன்படுவது. பைற்றோகுரோம் என்ற நிறப்பொருள் இரண்டு வடிவில் மாறி மாறி இருக்கும். 660 நனோமீற்றர் அளவிலுள்ள சிவப்பு ஒளி அதை ஒரு வடிவுக்குத் தள்ளும். 730 நனோமீற்றர் அளவிலுள்ள தூரச்சிவப்பு ஒளி திரும்பப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும். தூரச்சிவப்பு நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. திறந்த வெயிலில் இந்த இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கின்றன. பச்சை இலையோ சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கடத்திவிடும், தெறிக்கவும் விடும். ஆகவே தூரச்சிவப்பு மிகுந்த வெளிச்சம் வந்தால், பக்கத்தில் இன்னொரு செடி இருக்கிறது என்று பொருள். நிழல் தன்மேல் விழுமுன்பே, பக்கத்துச் செடியிலிருந்து தெறித்த ஒளியை வைத்தே அது போட்டியை அறிந்துவிடும். உடனே தண்டை நீட்டும், இலைக்கும் வேருக்கும் போகவேண்டிய சத்தை உயரத்துக்குச் செலவழிக்கும்.

கோவா (முட்டைக்கோஸ்) நாற்றுமேடையில் விதையை நெருக்கித் தூவியவர்களுக்கு நேர்வது இதுதான். நாற்று விறுவிறுவென்று உயர்வதைப் பார்த்து மகிழ்ந்து போவார்கள். பிடுங்கி நட்டதும் அது தலைசாய்ந்து விழும், கழுத்தில் அழுகலும் வரும். அதற்கு நைதரசன் உரம் கூட்டிப் போட்டால் இன்னும் நீண்டு மெலியும். வரிசைக்கு வரிசை 10 சென்ரிமீற்றர் விட்டு, முளைத்த ஒரு வாரத்திற்குள் நாற்றுக்கு நாற்று 2 முதல் 3 சென்ரிமீற்றர் இருக்கும்படி கலைத்து விடுங்கள். தாமதித்துக் கலைத்தால் பயன் குறைவு. நீண்ட தண்டு பிறகு குறுகுவதில்லை.

பல விதைகளும் இதே நிறப்பொருளை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தார் லெட்டூஸ் விதைக்குச் சிவப்பு ஒளியைக் காட்டினார்கள், முளைத்தது. தூரச்சிவப்பைக் காட்டினார்கள், முளைப்பு நின்றது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பலமுறை காட்டியும், கடைசியாகக் காட்டிய நிறமே முடிவைத் தீர்மானித்தது. லெட்டூஸையும் சலரியையும் ஆழமாக மூடினால் முளைப்புக் குறைவதற்கு இதுதான் காரணம். அரை சென்ரிமீற்றருக்கு மேல் மண் போடாமல், மேலே லேசாகத் தட்டிவிட்டு ஈரம் காயாமல் பார்த்தால் போதும். மண்ணைக் கிளறிய பாத்தியில் இரண்டு வாரத்தில் களை திரண்டு வருவதும் அதே கணக்குத்தான். ஆழத்தில் கிடந்த சிறு விதைகள் கிளறும்போது ஒரு கணம் வெளிச்சம் கண்டாலே பலவற்றுக்குப் போதும். அதனால் களை முளைத்த பிறகு மண்வெட்டியை ஆழமாகப் போடாமல், மேலோடு செதுக்கி எடுப்பது புத்திசாலித்தனம்.

ஒளியை மறைத்து லாபம் பார்க்கும் பயிர் லீக்ஸ். தண்டைச் சுற்றி மண் அணைக்க அணைக்க, மூடிய பகுதி பச்சை பிடிக்காமல் வெள்ளையாக நீளும். குருத்துக்குள் மண் விழாதபடி சிறிது சிறிதாக அணைக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பது வேறு காரணத்திற்காக. வெளியே தெரியும் கிழங்கு வெளிச்சத்தை உணர்ந்து பச்சை பிடிக்கும், கூடவே சொலனின் என்ற நஞ்சும் சேரும். பச்சையினால் கெடுதல் இல்லை, சொலனினால் உண்டு. அவித்தாலும் அது போகாது. பச்சை பட்ட இடத்தைத் தோலோடு ஆழமாக வெட்டி எறியுங்கள், முழுவதும் பச்சையாகிக் கசந்தால் கிழங்கையே எறிந்துவிடுங்கள்.

இரவின் நீளம்

இலங்கை நில நடுக்கோட்டிலிருந்து 6 முதல் 10 பாகை வடக்கே இருக்கிறது. மலையகம் ஏறத்தாழ 7 பாகையில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணிநேரம்கூட வராது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தையும் சில செடிகள் பைற்றோகுரோமைக் கொண்டும் தம் உள்கடிகாரத்தைக் கொண்டும் அளந்துவிடும். அவை அளப்பது பகலை அல்ல, விட்டுப்போகாத இருட்டின் நீளத்தை.

செவ்வந்தி நீண்ட இரவைக் கண்டால் பூக்கும் செடி. மலையகத்து இரவு ஆண்டு முழுவதும் அதற்குப் போதுமான நீளமாகவே இருப்பதால், நட்ட செடி காம்பு நீளுமுன்னே மொட்டு வைத்துவிடும். பூக்கடைக்கு நீண்ட காம்பு வேண்டும் என்பதால், வெட்டுப்பூ வளர்ப்பவர்கள் கூடாரத்துக்குள் இரவு 10 மணி முதல் 2 மணி வரை மின்குமிழ் எரிய விடுகிறார்கள். ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டை இரவுகளாகப் பிளந்துபோக, செடி மொட்டு வைப்பதைத் தள்ளிப்போட்டு உயரமாக வளர்கிறது. தேவையான உயரம் வந்ததும் விளக்கை நிறுத்தினால், இனத்தைப் பொறுத்து 7 முதல் 11 வாரத்தில் பூ. ஒரு குமிழ் எரிந்துபோய், அதைக் கவனிக்காமல் சில இரவுகள் விட்டுவிட்டால், அதன் கீழுள்ள வட்டத்தில் மட்டும் குட்டைச் செடியில் பூ வரும். விளக்கை நிறுத்திய பிறகு பக்கத்து வீட்டு வாசல் விளக்கு கூடாரத்தில் விழுந்தால், அந்த ஓரம் பூக்கத் தாமதிக்கும். தோட்டத்துப் பாதையோரம் வருடக் கடைசியில் சிவக்கும் பொயின்செட்டியாவிலும் இதைக் காணலாம். தெருவிளக்கை ஒட்டிய கிளை மட்டும் பச்சையாகவே நிற்கும்.

தொடுகை

தொட்டாற்சுருங்கியை எல்லாரும் தொட்டிருப்போம். ஆனால் ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். ஒரு சிறகின் நுனியிலுள்ள கடைசிச் சோடிச் சிற்றிலையை மட்டும் நகத்தால் கிள்ளுங்கள். அந்தச் சோடி மேல்நோக்கி மூடும். அடுத்த சோடி, அதற்கடுத்த சோடி என்று மூடல் காம்பை நோக்கி வரிசையாக ஏறிவரும். அடிவரை வந்ததும் ஒரு சிறு தாமதம். பிறகு முழுக் காம்பும் சட்டென்று கீழே தொங்கும். சேதி செடிக்குள் பயணிப்பதைக் கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் காண்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அந்தச் சேதி மின் துடிப்பு. நொடிக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுவது. வங்காள விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைத் தான் வடிவமைத்த நுண்கருவிகளைக் கொண்டு அளந்தவர். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறிய வீக்கம் ஒன்று இருக்கும், விரலால் தடவினால் தெரியும். துடிப்பு அங்கே வந்ததும் வீக்கத்தின் கீழ்ப்பாதிக் கலங்கள் பொற்றாசியம், குளோரைட்டு அயன்களை வெளியே விடும், தண்ணீரும் பின்னாலேயே வெளியேறும். கீழ்ப்பாதி தளர, மேல்பாதி அழுத்த, காம்பு விழும். சிற்றிலைகளின் அடியில் இதே வேலை மேல்பக்கக் கலங்களில் நடப்பதால்தான் அவை மேல்நோக்கி மடிகின்றன. இங்கே எதுவும் வளரவில்லை, நீர் இடம் மாறியது மட்டும். அதனால்தான் இவ்வளவு வேகம். திரும்ப விரிய 10 முதல் 20 நிமிடம் ஆகும், குளிர்ந்த காலையில் இன்னும் கூடலாம். திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தால் மூடல் மந்தமாகும்.

கொடிகளின் தொடுகை வேறு வகை. லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரைமேல் ஏறும் சௌசௌ, பந்தலில் படரும் பாகல், வேலியிலுள்ள பேஷன் புரூட் எல்லாம் பற்றுச்சுருள் விடும் கொடிகள். நீண்டு காற்றில் துழாவும் சுருள் ஒரு கம்பியில் உரசினால், தொட்ட பக்கம் வளர்ச்சி குறைந்து எதிர்ப்பக்கம் கூடி, சில நிமிடங்களிலேயே வளையத் தொடங்கும். மழைத்துளி விழுந்தால் அது சுருளாது. திடப்பொருளின் சொரசொரப்புத்தான் அதை எழுப்புகிறது. மழை ஓயாத ஊரில் ஒவ்வொரு துளிக்கும் சுருண்டிருந்தால் கொடி எங்கேயும் ஏறியிருக்காது.

பிடித்த பிறகு நடப்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. இரு முனையும் கட்டுண்ட சுருள், நடுவில் ஓரிடத்தில் திசை மாறி, ஒரு பாதி வலஞ்சுழியாகவும் மறுபாதி இடஞ்சுழியாகவும் சுருண்டிருக்கும். இரு முனையும் சுழல முடியாத ஒன்று முறுக்கிக்கொள்ளாமல் சுருள வேறு வழியில்லை. காற்று இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கிக் கொடியை அது காப்பாற்றுகிறது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது தாங்கியின் பருமன். மணிக்கட்டுத் தடிப்பில் வழவழப்பான மூங்கில் ஊன்றினால் பற்றுச்சுருள் வழுக்கும். அதில் கயிற்றைச் சுற்றி விடுங்கள், அல்லது கிளைகளோடு கூடிய மெல்லிய கொப்பை நடுங்கள்.

போஞ்சிக்கு இந்த அறிவுரை பொருந்தாது. போஞ்சியில் பற்றுச்சுருள் இல்லை. அதன் தண்டு நுனியே காற்றில் வட்டமிட்டுக்கொண்டு வளர்வதால், கம்பு எதிர்ப்பட்டால் அதைச் சுற்றி ஏறிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் சுற்று எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. விழுந்த கொடியைத் தூக்கிக் கட்டும்போது மறுதிசையில் சுற்றிவிட்டால், இரண்டொரு நாளில் அது அவிழ்ந்து தொங்கும். இந்த ஏற்றம் புவியீர்ப்பை நம்பி நடப்பதால், கிடையாகக் கட்டிய கம்பியிலும் போஞ்சி சரியாகச் சுற்றாது. 2 மீற்றர் உயரச் செங்குத்துக் கம்பே அதற்கு ஏற்றது.

காற்றும் ஒரு தொடுகைதான். தென்மேல் பருவக்காற்று நேராக மோதும் சரிவிலுள்ள செடி, அதே இனம் ஒதுக்குப்புறத்தில் நிற்பதைவிடக் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். அடிக்கடி அசைக்கப்படும் தண்டு நீள்வதைக் குறைத்துப் பருக்கிறது. மாறாக, பொலித்தீன் கூடாரத்துக்குள் காற்றே படாமல் வளர்ந்த தக்காளி நாற்று, வெளியே நட்ட முதல் வாரமே முறியும். நாளைக்கு இரண்டு தடவை, ஒரு மெல்லிய கம்பையோ தாளையோ நாற்றுகளின் தலைமேல் பத்துப் பதினைந்து முறை லேசாக இழுத்துவிட்டால் தண்டு திடமாகும். இலை ஈரமாக இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது, நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். கறிமிளகாய் நாற்றின் இலை எளிதில் கிழியும், அதற்கு இந்த முறை வேண்டாம். மரக்கன்றுக்கு ஊன்றுகோல் கட்டுபவர்களும் உச்சிவரை இறுக்கிக் கட்டாமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் தளர்வாகக் கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். ஆடாத மரம் பருக்காது.

மேல் எது, கீழ் எது?

விதையைத் தலைகீழாக ஊன்றினாலும் வேர் கீழேதான் போகிறது. ஈரத்தைத் தேடியா, இருட்டைத் தேடியா, எடையைப் பார்த்தா? 1806இல் தோமஸ் நைட் என்ற ஆங்கிலேயர் முளைவிட்ட விதைகளைச் சுழலும் சக்கரத்தில் கட்டினார். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல வேர்கள் வெளிப்பக்கமும் தண்டுகள் நடுவையும் நோக்கின. இழுவிசை எந்தத் திசையோ அந்தத் திசைதான் வேருக்குக் கீழ் என்பது அதிலிருந்து உறுதியானது.

உணரும் கருவி வேர்மூடியில் இருக்கிறது. அங்குள்ள கலங்களுக்குள் மாப்பொருள் மணிகள் உண்டு. சுற்றியுள்ள திரவத்தைவிடப் பாரமானவை. வேரைச் சாய்த்தால் அவை சில நிமிடங்களில் புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படியும். அதை வைத்து ஒக்சின் கீழ்ப்பக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஒரே ஒக்சின், இரண்டு விளைவு. தண்டில் அது கூடினால் அந்தப் பக்கம் அதிகம் நீளும், ஆகவே தண்டு மேலே நிமிரும். வேரில் அதே அளவு கூடினால் வளர்ச்சி தடைப்படும், ஆகவே மேல்பக்கம் முந்திக்கொண்டு நீண்டு வேர் கீழே வளையும். வேர்மூடியை மட்டும் நுட்பமாக அகற்றினால் வேர் தொடர்ந்து நீளும், ஆனால் வளையத் தெரியாது.

சோதித்துப் பார்க்க, முளைத்த போஞ்சிக் கோப்பையைப் படுக்க வைத்து முழு இருட்டில் விடுங்கள். இருட்டு முக்கியம். வெளிச்சம் பட்டால் நிமிர்ந்தது ஒளிக்காகவா புவியீர்ப்புக்காகவா என்று தெரியாமல் போகும்.

தேயிலை நாற்றுமேடையிலும் இந்த அறிவு வேலை செய்கிறது. வீ.பீ. தேயிலைக்கு, அதாவது விதையில்லாமல் தண்டுத்துண்டால் பெருக்கும் தேயிலைக்கு, ஓர் இலையும் ஒரு மொட்டும் கொண்ட சிறு தண்டுத்துண்டைப் பொலித்தீன் உறையில் ஊன்றுகிறோம். அதைத் தலைகீழாக ஊன்றினால் பிடிக்காது. தண்டுக்குள் ஒக்சின் நுனியிலிருந்து அடிக்குப் போகும் பாதை கலங்களிலேயே அமைந்துவிட்டது. துண்டைக் கவிழ்த்தாலும் அந்தப் பாதை மாறாது. வேர் வரவேண்டிய பழைய அடிமுனை காற்றில் நின்று காயும்.

இளம் தேயிலையைச் சாய்த்து முளையடித்துக் கட்டும் முறையும் அப்படியே. நிமிர்ந்து நிற்கும்வரை நுனிமொட்டு பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். சாய்த்தால் அந்த ஆதிக்கம் குறைந்து, மேல்பக்க மொட்டுகள் வரிசையாக உடையும், புதர் அகலமாக அமையும். மிகையாக வளைத்துத் தரையோடு கிடத்திவிட்டால், வளைவின் உச்சியிலிருந்து ஒரே ஒரு தடித்த கிளை செங்குத்தாகக் கிளம்பி மற்றதையெல்லாம் அடக்கிவிடும். நுனி அடியைவிட உயரத்தில் இருக்கும்படி சாய்ப்பதே சரி.

சரிவில் நிற்கும் மரம் சொல்வது

முற்றிய மரத்தண்டு இளம் தண்டு போல நீண்டு வளைய முடியாது. சாய்ந்த மரம் நிமிர்வது புதிதாகச் சேரும் மரக்கட்டையால். பைனஸ் போன்ற ஊசியிலை மரம் சாய்வின் கீழ்ப்பக்கத்தில் தடித்த கட்டையைச் சேர்த்துத் தன்னை மேலே தள்ளும். யூக்கலிப்டஸ் போன்ற அகல இலை மரம் மேல்பக்கத்தில் இழுவிசையுள்ள கட்டையைச் சேர்த்துத் தன்னை இழுத்து நிமிர்த்தும். இதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதனால் தண்டின் வடிவம், நிலம் எப்போது அசைந்தது என்பதற்கான பதிவாகிறது.

அடியில் மட்டும் வளைந்து மேலே நேராக நிற்கும் மரம் சிறுவயதில் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. தண்டின் நடுவில் வளைவு இருந்தால், மரம் அந்த உயரத்தில் இருந்தபோதோ அதற்குப் பிறகோ சாய்ந்தது. அடி முதல் உச்சி வரை நேர்க்கோடாகவே சாய்ந்து நிற்கும் மரம்தான் கவலைக்குரியது. நிமிர்ந்துகொள்ள அதற்கு இன்னும் காலம் கிடைக்கவில்லை, அதாவது சாய்வு புதிது. காட்டு ஓரத்து மரம் வெளிச்சம் தேடியும் சரிவின் வெளிப்பக்கம் சாயும் என்பதால், ஒற்றை மரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. பல இன மரங்கள் ஒரே பட்டையில், கொத்தாக, நேராகச் சாய்ந்திருக்கின்றனவா, அவற்றோடு மின்கம்பமும் வேலிக் கம்பும் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பத்துக்கு வெளிச்சம் தேவையில்லை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய நாட்டில், இதைத் தெரிந்து வைத்திருப்பது தாவரவியல் பாடத்தோடு நின்றுவிடும் அறிவு அல்ல. புதிதாகச் சாய்ந்த மரங்களோடு நிலத்தில் வெடிப்பு, சுவரிலும் தரையிலும் புதுப் பிளவு, திடீரென ஊற்றெடுக்கும் அல்லது கலங்கி வரும் நீர் என்பவை சேர்ந்து தெரிந்தால், மழை நேரத்தில் அங்கே இரவு தங்காதீர்கள். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆய்ந்து எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. சாய்ந்த மரங்கள் எத்தனை, எந்தப் பட்டையில், எந்தத் திசையில், முதலில் எப்போது கண்டீர்கள் என்று குறித்து வைத்துச் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.